எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்களாம்

கட்டற்ற மென்பொருளின் பெருமையை மூச்சுக்கு மூச்சு பேசி, மேசைக்கணினியில் லினக்ஸை நிறுவிக்கொண்ட நண்பர்கள்கூட, முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் மூலநிரலைக் காட்டாத ஜூமைத் தேடிப் போகிறார்கள். கேட்டால், 'எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்' என்கிறார்கள். ஸ்கைப்பிலும் எல்லோரும் இருந்தார்கள். 2003இல் தோன்றிய அதை 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே மாதம் மூடிவிட்டது.

இருவர் மட்டும் பேச ஜாமி போதும். அதற்கு மைய வழங்கி தேவையில்லை. பலர் கூடும் இலக்கியச் சந்திப்புக்கு நான் ஜிட்சியையே சொல்வேன். உலாவி ஒன்றிருந்தால் ஆயிற்று. அதன் பொது வழங்கியில் கூட்டம் தொடங்குபவர் கூகுள், ஃபேஸ்புக் போன்ற ஏதேனும் ஒரு கணக்கின் வழியாக நுழைந்தாக வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் விதி வந்தது. எனக்கு அது சற்றும் உவப்பில்லை. ஆனால் உவப்பில்லாதவர் அதே மூலநிரலைக் கொண்டு, டெபியனிலோ உபுண்டுவிலோ தமக்கென ஒரு வழங்கியை அமைத்துக்கொள்ள முடியும். ஸ்கைப்பை நம்பியிருந்தவர்களுக்கு இந்த வழி இருந்ததா?

'ஜிட்சி மட்டும் முழு அந்தரங்கமா' என்று மடக்குவார்கள். இல்லைதான். முனைக்கு முனை மறையாக்கத்தை நாமாக இயக்காதவரை, வழங்கியை நடத்துபவரை நம்பித்தான் பேசுகிறோம். அதனால்தான் அந்த வழங்கி யாருடையது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.