பிள்ளையின் கண்ணை அட்டை வைத்து அளக்காதீர்கள்

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று செல்போனில் பார்த்த மாத்திரத்தில் பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி ஆர்டர் போட்டுவிடும் பெற்றோரே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

ஆன்லைனில் கண்ணாடி வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, மாடல் நிறைய, வீட்டுக்கே வந்துவிடுகிறது. நமக்கு நாம் வாங்கிக்கொள்ளும்போது பவர் கொஞ்சம் மாறி வந்தால்கூட அரை நாளில் தலை வலிக்கும், ‘என்னவோ சரியில்லையே’ என்று திருப்பி அனுப்பிவிடுவோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தெரியுமா? சரியான பார்வை எப்படி இருக்கும் என்பதே அதற்குத் தெரியாதே! தப்பான கண்ணாடியில் எது தெரிகிறதோ, உலகமே அப்படித்தான் என்று நம்பிக்கொண்டு போய்விடும். ஒருவேளை ‘தரை சாய்வாத் தெரியுதும்மா’ என்று வாயைத் திறந்தாலும், ‘புதுசுல அப்படித்தான் இருக்கும், போடப் போடப் பழகிடும்’ என்று நாமே அடக்கிவிடுகிறோம். சில நாள் கழித்துப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால், போட மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக ஊரெல்லாம் சொல்கிறோம்.

முதலில், கையில் இருக்கும் சீட்டு எப்படி வந்தது என்று யோசியுங்கள். கடையில் மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தரும் ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ சீட்டு பிள்ளைகளுக்குப் போதாது. சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் தசைக்கு வலு அதிகம். மெஷினைப் பார்க்கும்போதே அது இறுக்கிக்கொள்ளும். இல்லாத மைனஸ் பவர் இருப்பதாகக் காட்டும், இருக்கிற பிளஸ் பவரை மறைத்துவிடும். அந்தத் தசையைத் தளர்த்தத்தான் கண் டாக்டர்கள் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து பார்க்கிறார்கள். மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரமோ சில நாளோ பிள்ளைக்கு வெளிச்சம் கூசும், புத்தகம் மங்கும். அதனால் பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். ஆனால் ‘ஒரு நாள் வீணாகுமே’ என்று கணக்குப் பார்க்காதீர்கள். எழும்பூரில் 1819-லிருந்து நடக்கும் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் இன்று பல ஊர்களில் இருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. கண் வைத்தியத்துக்கு இவ்வளவு வசதி உள்ள மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, போன வருஷச் சீட்டைத் தேடியெடுத்து அதே பவரைப் பதிவு செய்வது என்ன நியாயம்? வளரும் வயதில் பவரும் மாறிக்கொண்டே இருக்கும்.

சீட்டைப் பார்த்து எண்களை நிரப்பும் இடத்திலும் நம் அவசரம் பொல்லாதது. பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு கோடு மாறினால் போதும், பார்வை இன்னும் கெடும். பார்வைச் சிதறலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருந்தால் பக்கத்தில் ஆக்சிஸ் என்று ஓர் எண் இருக்கும்; லென்ஸை எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்பது அது. டாக்டரின் கையெழுத்தைத் தப்பாகப் படித்து அந்தக் கோணம் 30 டிகிரி தள்ளிப்போனால், சிலிண்டர் போட்டும் போடாத கதைதான். வலது கண், இடது கண் வரிசையை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. முடிந்தால் சீட்டையே படமெடுத்து அனுப்புங்கள். அனுப்பிய பிறகும் ஆர்டரில் வந்த எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். இரண்டு கருவிழிகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடைக்காரர்கள் பி.டி. என்பார்கள். லென்ஸின் மையம் அந்தப் புள்ளிக்கு நேரே வர வேண்டும். பல சீட்டுகளில் அது எழுதியே இருக்காது. கேட்டு வாங்கவும் நமக்குத் தோன்றுவதில்லை. நெற்றியில் ஏ.டி.எம். அட்டையை வைத்து செல்போனில் படமெடுத்தால் போதும் என்கிறார்கள். பெரியவர்கள் அசையாமல் இருப்போம், ஓரளவு சரியாக வரும். பிள்ளை ஒரு நொடி அசையாமல் இருக்குமா? அட்டை சரியும், தலை திரும்பும், பக்கத்தில் இருக்கும் போனைப் பார்ப்பதால் கண்கள் வேறு உள்பக்கம் திரும்பும். சிலர் அந்தச் சிரமமும் படாமல், பெரியவர்களுக்கான சராசரியாகிய 63 மில்லிமீட்டரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணிலும் மையம் 4 மில்லிமீட்டர் விலகிவிடுகிறது. பவர் மைனஸ் 5 என்றால், பிரிசம் என்ற அலகில் ஒரு கண்ணுக்கு 2, இரண்டுக்கும் சேர்த்து 4 அளவுக்குப் பிம்பம் தள்ளித் தெரியும். ஒரே பிம்பமாகச் சேர்க்க அந்தப் பிஞ்சுக் கண்கள் காலையிலிருந்து பள்ளி விடும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் தலைவலி என்று படுத்தால், ‘ஹோம்வொர்க் செய்யச் சோம்பல்’ என்கிறோம். டாக்டரிடம் போகும்போதே பி.டி. அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கென்று சின்னக் கருவி இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. வளர வளர அதுவும் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

யூனிஃபார்ம் தைக்கும்போது ‘வளர்ற பிள்ளை’ என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கிறோமே, ஃபிரேமிலும் அந்தக் கை வருகிறது. பெரிய ஃபிரேம் மூக்கில் வழுக்கும். பிள்ளை லென்ஸுக்கு மேலே எட்டிப் பார்த்தே படிக்கும். இப்போது போட்டிருக்கும் கண்ணாடிக் காம்பின் உள்பக்கம் பாருங்கள்: 46, 16, 130 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், காம்பின் நீளம். சரியாகப் பொருந்தியிருக்கும் கண்ணாடியின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு ஒட்டியே தேடுங்கள். நிறம் மட்டும் பிள்ளையின் இஷ்டம். தானே தேர்ந்தெடுத்ததைத்தான் ‘சோடாபுட்டி’ என்று யாராவது கேலி செய்தாலும் கழற்றாமல் போட்டுக்கொள்ளும்.

நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் ‘புளூ கட்’ பூச்சுக்கு யோசிக்காமல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். 2023-ல் மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது சாதாரண லென்ஸைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குப் பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். பந்து பட்டாலும் சில்லுச் சில்லாகத் தெறிக்காது. கீறல் விழுவது அதன் குறை, அதற்கான பூச்சோடு வாங்க வேண்டும்.

பார்சல் வந்ததும் பிரித்து மாட்டி போட்டோ எடுப்பதோடு முடித்துவிடாதீர்கள். எழுத்துக்கு மேல் லென்ஸைப் பிடித்து இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள்: மைனஸ் என்றால் எழுத்தும் கூடவே நகரும், பிளஸ் என்றால் எதிர்ப்பக்கம் ஓடும். குறி மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பவரையும் மையத்தையும் ஆக்சிஸையும் சரிபார்க்க மட்டும் மருத்துவமனைக்கோ பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கோ போயே ஆக வேண்டும். லென்சோமீட்டர் என்ற கருவியில் வைத்து உடனே சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவர் கடையில் வாங்காத கண்ணாடிக்குத்தானே அவர் நேரம் செலவாகிறது. காதுக்குப் பின்னால் காம்பை வளைத்துச் சரிசெய்யவும் அவரிடம்தான் போகப் போகிறீர்கள்.

இரண்டு கண்ணுக்கும் பவரில் பெரிய வித்தியாசம் உள்ள பிள்ளை, மாறுகண் உள்ள பிள்ளை, ஒரு கண்ணை மூடிப் பயிற்சி செய்யும் பிள்ளை என்றால் ஆன்லைன் பக்கமே போகாதீர்கள். மங்கலான கண்ணை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால் சோம்பேறிக் கண் ஆகிவிடும். அதைச் சரிசெய்ய ஏழெட்டு வயதுக்கு முந்தைய காலம்தான் மிக நல்லது; வயது ஏற ஏறப் பலன் குறைந்துகொண்டே போகும். அந்தக் காலத்தில் தப்பான கண்ணாடியோடு ஆறு மாதம் போனால், பிறகு எந்த ஆஃபரிலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இன்று ராத்திரி பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால், அல்லது பி.டி. என்ற இடம் காலியாக இருந்தால், ஆர்டரை நிறுத்திவிட்டுச் சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்குங்கள்.