தங்கக் கூட்டுக்குள் சாகும் கடிகாரம்

தஞ்சைத் தரணியில் பாத்திரம் வாங்கப் போகும் நம் தாய்மார்கள் முதலில் பார்ப்பது எடையைத்தான். கும்பகோணத்துப் பித்தளை அண்டாவானாலும், நாச்சியார்கோவில் குத்துவிளக்கானாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் இடையே வேலையற்ற நாட்களில் அந்த அண்டாதான் அடகுக் கடைக்குப் போய் அரிசியாகத் திரும்பி வந்தது. நசுங்கினாலும் உலோகத்துக்கு விலை உண்டு என்பது ஏழைகள் பட்டறிந்த கணக்கு.

இந்தக் கணக்கைத்தான் ஸ்மார்ட் வாட்ச் கம்பெனிகள் இன்று காசாக்குகின்றன. அலுமினியக் கூட்டுக்கு ஒரு விலை. எஃகுக் கூட்டுக்கு அதற்கு மேல். டைட்டானியத்துக்கு அதற்கும் மேல். மலிவுச் சரக்கிலோ பிளாஸ்டிக்கின் மீது உலோக வர்ணம். உலோகம் நன்றாயிருந்தால் பின்னால் விற்கும்போது காசு வரும் என்று நம்பி நம் வாலிபர்கள் மாதத் தவணையில் வாங்குகிறார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. அலுமினியம் எளிதில் அடிபடும், டைட்டானியம் தாங்கும். கீறல் இல்லாத கடிகாரத்துக்குக் கிராக்கி இருப்பதும் இயல்பே.

ஆனால் இந்த மதிப்பு எத்தனை நாளைக்கு?

2015ல் ஆப்பிள் கம்பெனி தன் முதல் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியக் கூடு 349 டாலரில் தொடங்கியது. 18 காரட் தங்கக் கூடு 10,000 டாலரில் தொடங்கியது. உள்ளே இருந்த யந்திரமோ ஒன்றே! 2018ல் வந்த புதிய மென்பொருள் இரண்டுக்குமே மறுக்கப்பட்டது. 2023ல் தங்கக் கடிகாரத்தைக் காலாவதிப் பட்டியலில் கம்பெனி சேர்த்துவிட்டது. இனி அதனிடம் பழுதுபார்ப்பும் இல்லை, உதிரி பாகமும் இல்லை. ஓடாத கடிகாரத்தில் எஞ்சுவது பொன்னின் எடைதான். அலுமினியக் கடிகாரம் வாங்கியவனுக்கு அதுவும் இல்லை.

இது எதைக் காட்டுகிறது? கூடு வாங்கியவனுக்குச் சொந்தம். உயிர் கம்பெனியின் கையில்!

எச்.எம்.டி. கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். 1961ல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் பொதுத்துறை தொடங்கிய உற்பத்தி அது. அந்தக் கடிகாரப் பிரிவை மத்திய சர்க்கார் 2016ல் மூடியது. ஆலை மூடியும் கடிகாரம் சாகவில்லை. கடைத்தெருவில் பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்து துடைத்து எண்ணெய் விட்டு ஓட வைக்கிறார். திறக்க முடிந்த கூடு அது. அதனால்தான் இன்றும் கைமாறுகிறது. ஸ்மார்ட் வாட்சின் கூடோ பசை போட்டு ஒட்டப்பட்டது. பாட்டரி ஓய்ந்தால், சுரங்கத்திலும் ஆலையிலும் தொழிலாளி சிந்திய உழைப்பு முழுவதும் குப்பைமேட்டுக்குப் போகிறது.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் ஒரு வலைத்தளம் திறந்தது. வலைத்தளம் போதாது, சட்டம் வேண்டும். பாட்டரியை உள்ளூர்த் தொழிலாளி மாற்றும்படி கடிகாரம் அமைய வேண்டும். உதிரி பாகம் கடைக்கு வர வேண்டும். எத்தனை ஆண்டு மென்பொருள் தருவோம் என்பதைப் பெட்டியின் மேலேயே கம்பெனி அச்சிட வேண்டும்.

வாலிபர்களே! கூடு எஃகா, டைட்டானியமா என்று கேட்பதற்கு முன், அதைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த உரிமைக்கு ஒன்றுபட்டுக் குரல் கொடுங்கள்!