அப்பாவின் அலமாரியை எடைக்குப் போடும் முன்

உ.வே. சாமிநாதையர் 1942 ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போயிருந்த இடத்தில் உயிர் பிரிந்தது. வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராக அலைந்து அவர் சேர்த்த ஏட்டுச் சுவடிகள், அச்சு நூல்கள், கைப்படக் குறிப்புகள், கடிதங்கள் எல்லாம் சிதறியிருக்கலாம். சிதறவில்லை. மறு ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேல் முன்கை எடுக்க, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் பிறந்தது. பிறகு பெசன்ட் நகரில் அதற்கென்றே கட்டடம் எழுந்தது. சங்க நூல்களின் மூலத்தைத் தேடி ஆய்வாளர்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.

ஒரு வாசகரின் சேகரிப்புக்கு இப்படி நல்ல கதி கிடைப்பது அபூர்வம்.

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பெரியவர் மறைந்ததும் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிகிறது. விடுமுறை தீர்வதற்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நகை, பத்திரம், பாத்திரம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. புத்தகத்தைக் கேட்க ஆளில்லை. பழைய பேப்பர்காரர் தராசோடு வருகிறார். ஐம்பது ஆண்டு வாசிப்பு ஒரே மாலையில் கோணிக்குள் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காகிதம் வாங்குகிறார். குடும்பத்தாரும் அதைக் காகிதம் என்று நினைத்து விற்பதில்தான் இழப்பு தொடங்குகிறது.

அந்தக் கோணிக்குள் என்னென்ன போகின்றன என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது பைண்டு செய்த தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்குவது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடியது. மூன்றரை ஆண்டுக்கு மேல் ஒரு வாரம் விடாமல் சேர்த்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தொகுப்பில் மணியம் வரைந்த படங்கள் அந்தந்த அத்தியாயத்தோடு இருக்கும். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரைச் சேர்த்தவர்களிடம் கோபுலுவின் கோடுகள் இருக்கும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் ஏராளமாக வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் அந்தப் படங்கள் கிடையாது. பக்கத்தின் ஓரத்தில் வந்த விளம்பரமும் துணுக்கும் எந்தப் புத்தகப் பதிப்பிலும் கிடையாது. சோப்பு என்ன விலை விற்றது, எந்தப் படம் எந்தக் கொட்டகையில் ஓடியது என்று அந்தக் காலத்துச் சென்னையைத் தேடுகிறவருக்குக் கதையைவிட அந்த ஓரம்தான் பெரிய புதையல்.

அடுத்த தட்டில் சிற்றிதழ்கள். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’ கடைகளில் குவிந்து கிடந்த பத்திரிகை அல்ல. தம் பதிப்புகளைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். குறைவாக அச்சாகி, படித்தவர்கள் பத்திரமாக வைத்திருந்ததாலேயே மிஞ்சிய இதழ் அது. ‘நடை’, ‘கசடதபற’ ஆகியவற்றுக்கும் அதே கதைதான். எடைக்குப் போகும்போது இவை மெலிதாக இருப்பதால் காசும் தேறாது.

புத்தகங்களின் முதல் பக்கமும் ஒரு ஆவணம். பெயர், தேதி, வாங்கிய இடம், சில சமயம் விலை. நடுவில் அடையாளத்துக்கு வைத்த பல்லவன் பஸ் டிக்கெட். ஓரத்தில் ஆசிரியரோடு போட்ட சண்டை. ஒரே ‘மோகமுள்’ளை இருபது வயதில் நீல மையிலும் அறுபது வயதில் பென்சிலிலும் அடிக்கோடிட்ட வாசகர் உண்டு. இரண்டு கோடுகளும் வேறு வேறு வரிகளின் கீழ் இருக்கும். ஒரு சமூகம் தன் இலக்கியத்தை எப்படிப் படித்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எங்கே கிடைக்கும்?

இந்தச் சேகரிப்புகளில் பல, பணக்காரர்கள் சேர்த்தவை அல்ல. குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், தந்தி அலுவலகக்காரர் என்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவர்கள் சேர்த்தவை. அவர்களுக்குத் துணையாக ஒரு நகரமே இருந்தது. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்தது. லஸ் முனை நடைபாதையில் பல பத்தாண்டுகள் பழைய புத்தகம் விற்ற ஆழ்வார் இருந்தார். பொறியியல் மாணவரும் நாவல் தேடுகிறவரும் ஒரே குவியலைக் கிளறினார்கள். வாங்க முடியாததை வாடகைக்குப் படிக்க லாயிட்ஸ் சாலையில் 1955இல் டி.என். பழனி தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி இருந்தது. தி. நகருக்குப் போனால் தீனதயாளு தெருவில் வானதி, தணிகாசலம் சாலையில் மணிமேகலை என்று பதிப்பாளரிடமே நேராக வாங்கலாம். 1977இல் அண்ணா சாலையில் மதரசா பள்ளியில் சிறிதாகத் தொடங்கிய புத்தகக் காட்சி, இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தை நிறைக்கிறது. புத்தகம் வாசகரிடம் வந்து சேர இத்தனை வழி போட்ட ஊர், வாசகர் போன பிறகு அந்தப் புத்தகம் வெளியேற ஒரு நல்ல வழி போடவில்லை. எடைக்கடை ஒன்றுதான் திறந்திருக்கிறது.

உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போன கதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டார். அதைப் படிக்கும்போது நமக்கு வயிறு எரிகிறது. ஆனால் அன்று நெருப்பிலும் ஆற்றிலும் விட்டவர்கள் அதை ஒரு சாஸ்திரமாக, மரியாதையாக நினைத்துச் செய்தார்கள். இன்று அந்த மரியாதைகூட இல்லாமல் கிலோக் கணக்கில் போகிறது.

தனி மனிதர் சேர்த்தது என்னவாகலாம் என்பதற்குத் தரமணியில் ஒரு பதில் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர் ரோஜா முத்தையா. புத்தகம், பத்திரிகை ஆகியவற்றோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கிக் கடல் கடத்திவிடாமல் சென்னையிலேயே வைத்தது. 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று உலகெங்கிலுமிருந்து தமிழ் ஆய்வாளர்கள் தேடி வரும் இடம். மறைமலையடிகள் சேர்த்த நூல்களும் இப்படித்தான் 1958இல் பொது நூலகமாயின. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சம்பாத்தியத்தில் ‘ஞானாலயா’வைக் கட்டி எழுப்பினார்கள். தமிழின் பெரிய நூலகங்களில் பல, ஒரு மனிதரின் வீட்டு அலமாரியிலிருந்து வளர்ந்தவை.

இப்போதுதான் எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று கேட்கிறவர்கள் உண்டு. மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் செய்திருக்கும் பணி பெரிது. அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் மின்படி எடுக்க முதலில் காகிதப்படி வேண்டும். ஏதோ ஒரு இதழின் நடு எண் இன்றுவரை கிடைக்காமல் வரிசை அறுந்து கிடப்பதற்கு, அது யாரோ ஒருவர் வீட்டிலிருந்து எடைக்குப் போனதும் காரணமாக இருக்கக்கூடும்.

நூலகங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். புத்தக தானம் என்ற பெயரில் வந்து இறங்குவதில் பாதி, காலாவதியான பாட நூல், சென்ற ஆண்டு போட்டித் தேர்வு வழிகாட்டி, கரையான் அரித்த வார இதழ். அப்பா பெயரில் தனி அலமாரி வேண்டும், மேலே படம் மாட்ட வேண்டும் என்று நிபந்தனை வேறு வரும். எந்த நூலகத்துக்கும் அவ்வளவு இடமில்லை. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதும் இல்லை. ஆயிரம் புத்தகம் உள்ள வீட்டில் ஐம்பது அரியவை இருந்தால் பெரிது. அந்த ஐம்பதைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த ஒரு கண் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கேட்பது.

அந்தக் கண்ணை யார் அனுப்புவது? சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், 1948இல். அதன் பின்னால் இருந்தவர் முன்பு சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தருவதை நூலகத்தின் கடமையாக வைக்கிறது. அந்தச் சட்டத்தின்படி இன்றும் சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி வசூலாகிறது. மயிலாப்பூரிலோ தி. நகரிலோ வீடு வைத்திருந்த அந்தப் பெரியவர் ஆண்டுதோறும் அதைக் கட்டியவர்தான். அவர் வீட்டு அலமாரியைப் பார்வையிட, ஒரு மண்டலத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற நூலகரை அமர்த்துவது அந்த வரிக்கு முறையான செலவு. மாதம் ஒரு நாள் கிளை நூலகத்தில் பட்டியல் வாங்கி, அரியவற்றை ஆய்வு நூலகத்துக்கும், நல்ல நிலையில் உள்ளவற்றைப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும், மற்றவற்றைப் பழைய புத்தகக் கடைக்கும் பிரித்து அனுப்பலாம். இது நடக்காத காரியம் இல்லை. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று ஒரு அரங்கு வைத்துக் கைதிகளுக்குப் புத்தகம் கேட்டபோது மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்க ஆளுண்டு. கேட்கத்தான் ஆளில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாத வீடுகள் இந்த வாரமும் இருக்கும். அவர்கள் செய்யக்கூடியது இது. பேப்பர்காரருக்குப் போன் செய்வதற்கு முன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார்த்தி நான்கு வகையைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: 1950க்கு முன் அச்சான எதுவும், பைண்டு செய்த தொடர்கதைகள், தீபாவளி மலர்கள், பெயர் கேள்விப்படாத மெல்லிய பத்திரிகைகள். நாட்குறிப்பும் கடிதக் கட்டும் இருந்தால் அவற்றையும் சேருங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி, முதல் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தரமணிக்கோ பெசன்ட் நகருக்கோ அனுப்பி, வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் லஸ்ஸிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய புத்தகக் கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர் எடைக்கு எடுத்தாலும் பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார்.