பங்கீடா, தோறுப்பொருளா?

கணிதம், இலக்கணம், அளவையியல் ஆகிய மூன்று துறைகளும் ‘டிஸ்டிரிபியூட்டிவ்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லை ஆளுகின்றன. தமிழ்க் கணிதப் பாடநூல்கள் அதனைப் ‘பங்கீட்டுப் பண்பு’ என வழங்குகின்றன. இப்பெயர் கருத்தின் உயிர்நிலையைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பங்கிடப்படும் பொருள் பலருக்குச் செல்லுந்தோறும் சிறுகும். 4×(2+3) என்பதிலோ 4 சிறுகுவதில்லை; 2, 3 ஆகிய ஒவ்வொன்றனையும் முழுமையாகச் சார்ந்து 8+12 ஆகிறது. ‘எல்லா யானைகளும் விலங்குகள்’ என்னும் அளவையியல் கூற்றிலும் விலங்காதல் ஒவ்வொரு யானையையும் முழுமையாகச் சார்கிறது; யானைகளின் தொகுதியை மட்டும் சார்வதன்று.

தமிழ் இதற்கெனத் தனிவடிவமே உடையது. ‘மாணவர் மூவர் நான்கு நூல் வாங்கினர்’ எனின், நூல்கள் 4-ஆ, 12-ஆ என்னும் ஐயம் எழும். ‘நந்நான்கு நூல் வாங்கினர்’ எனின் 12 என்பது ஐயமற விளங்கும். பவணந்தியார் ஒன்பது நீங்கலாக ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்கள் இரட்டுவதை எழுத்ததிகாரத்தில் புணர்ச்சியாக விதித்தார். நாமோ அதனைப் புணர்ச்சியளவிலேயே கற்பித்து, பொருளை ஆராயாது விடுகிறோம்.

‘அவ்வாறு’, ‘இவ்விரண்டு’ போல்வன சுட்டோடு மயங்குமே எனலாம். அம்மயக்கத்தைத் தொடர்ப்பொருள் நீக்கும். மேலும், ‘நந்நான்கு’, ‘பப்பத்து’ ஆகியவற்றில் அம்மயக்கம் இல்லை.

‘வீடுதோறும்’ என்பதிலுள்ள இடைச்சொல்லைக் கொண்டு இக்கருத்தைத் ‘தோறுப்பொருள்’ எனலாம். இப்பெயர் மூன்று துறைக்கும் பொருந்தும். எண்ணிரட்டலும் புணர்ச்சி வாய்பாடாக நின்றுவிடாது, சொற்பொருளாய்வில் தனக்குரிய இடத்தைப் பெறும்.