சோதனைக் குறிப்புகளும் கைமாற வேண்டும்

பொதுப்பணத்தைச் செலவிட்டு ஒரு மென்பொருளை எழுதச் சொல்லும்போது, அதன் நிரல் யாருக்குச் சொந்தம் என்பதில் காட்டப்படும் சிரத்தை, அந்த நிரல் சொன்னபடி நடக்கிறதா என்று பரீட்சித்துப் பார்ப்பதற்காகச் சோதனையாளர்கள் எழுதிவைக்கும் டெஸ்ட் கேஸ்கள், ஒப்பந்தம் முடிந்தபின் எங்கே போகின்றன என்பதில் காட்டப்படுவது அபூர்வம். அவை பழைய நிறுவனத்தின் கருவிக்குள்ளேயே தங்கிவிட்டால், அடுத்து வருகிறவர் இந்த விதி ஏன் இப்படி எழுதப்பட்டது என்பதை நிரலிலிருந்து ஊகித்தறிய வேண்டியதாகிறது. ஆகையால் அவற்றை யாரும் திறந்து படிக்கத்தக்க சாதாரண உரைக்கோப்புகளாக, அதுவும் தமிழில், ஏற்றுமதி செய்து ஒப்படைப்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே ஆக்கிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கான சாதனம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. டான் நார்த் என்பவர் 2006-ல் எழுதிய கட்டுரையின் மூலம் பரவலாக அறியப்பட்ட ‘நடத்தைவழி உருவாக்கம்’ என்னும் முறை, மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, நிரல் எழுதுகிறவரும் விதியை அறிந்தவரும் ஒருங்கே புரிந்துகொள்ளும் வாக்கியங்களில் முன்கூட்டியே எழுதச் சொல்கிறது. 2008-ல் ஆஸ்லாக் ஹெல்லெசோய் வெளியிட்ட குக்கும்பர் என்ற கருவி அவ்வாக்கியங்களையே சோதனையாக ஓட்டிக் காட்டியது. அதன் கெர்கின் நடைக்கு இன்று எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் திறவுச்சொற்கள் உண்டு. தமிழும் அவற்றுள் ஒன்று. கோப்பின் முதல் வரியில் மொழிக்குறியையும், அதன்கீழ் ‘அம்சம்:’ என்று தொடங்கும் தலைப்பு வரியையும் இட்டுவிட்டால் பின்வருவதை அது அப்படியே ஏற்கும்:

காட்சி: 100 யூனிட்டைத் தாண்டிய வீடு
கொடுக்கப்பட்ட வீட்டு இணைப்பின் இரு மாதப் பயன்பாடு 101 யூனிட்
எப்போது கட்டணம் கணக்கிடப்படுகிறதோ
அப்பொழுது 1 யூனிட்டுக்கு மட்டும் மின்கட்டணம் விதிக்கப்படும்

2016-ல் தமிழகத்து வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவானபோது, தாண்டியவர் முழுப் பயன்பாட்டுக்கும் செலுத்த வேண்டுமா, தாண்டிய அளவுக்கு மட்டுமா என்ற சந்தேகம் எந்தக் குடும்பத்திலும் எழக்கூடியதுதான். அதற்கான விடை இந்த நான்கு வரிகளில் பிரத்தியட்சமாக இருக்கிறது. கணக்கீட்டாளர் ஒருவரிடம் இதைக் காட்டினால், வீடு பூட்டியிருந்து அந்த முறை மீட்டரைப் பார்க்க முடியாமல் போய், அடுத்த முறை நான்கு மாத அளவு ஒன்றாகச் சேர்ந்துவரும்போது இலவச யூனிட்டை எப்படிக் கழிப்பது என்று உடனே கேட்பார். நிரலாளருக்குத் தோன்றாத அந்தக் கேள்வி அடுத்த காட்சியாகிவிடும். இக்காட்சியை ஆங்கிலத்தில் எழுதி, அதுவும் கருவி ஒன்றின் உள்ளே பூட்டிவைத்திருந்தால், அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

ஏற்றுமதி என்றவுடன் ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது என்று எண்ணுவதுதான் இதிலுள்ள பெரிய அபாயம். பழைய கருவியில் உள்ள சோதனை அட்டவணையில் முன்நிபந்தனை, செய்கை, எதிர்பார்க்கும் விளைவு என்று மூன்று பத்திகள் இருப்பதால் அவற்றை முறையே ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’, ‘அப்பொழுது’ என்ற மூன்று திறவுச்சொற்களுக்கும் பின்னால் ஒட்டிவிடுவது எளிது. ஆனால், “பயனர் பெயரை இடு, நீலப் பொத்தானை அழுத்து, மூன்றாவது பட்டியலைத் திற” என்று பதினைந்து படிகளாக எழுதப்பட்ட சோதனை அப்படி உருமாறும்போது, வெளித்தோற்றத்தில் காட்சியாகவும் உள்ளடக்கத்தில் பழைய சொடுக்குப் பட்டியலாகவுமே நின்று, திரையின் அமைப்பு மாறிய மறுநாளே உபயோகமற்றதாகிவிடும். விதியைப் பிரித்தெடுத்துத் திருப்பி எழுதுவது மனிதர் செய்யவேண்டிய காரியம். அதன்பின் கருவியின் உதவி நிச்சயமாகச் சௌகரியமே: ஜிரா என்னும் பணி மேலாண்மைக் கருவியோடு சேர்ந்து இயங்கும் எக்ஸ்ரே, காட்சிகளை ஃபீச்சர் கோப்புகள் எனப்படும் கெர்கின் உரைக்கோப்புகளாகத் தரும்போது ஒவ்வொன்றின் தலையிலும் அதற்குரிய எண்ணையும் பதித்துத் தருவதால், வேறிடத்தில் ஓட்டிய சோதனையின் முடிவும் தவறாமல் உரிய குறிப்போடு வந்து சேர்கிறது. எழுத்துக் குறியாக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய அட்டவணையை ஏற்றுமதி செய்து யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சிஎஸ்வி கோப்பைக்கூட, எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது தமிழெழுத்துகள் சிதைந்து தோன்றுவதுண்டு.

தமிழில் எழுதினால் வெளிநாட்டுக் குழுவுக்குப் புரியாதே என்ற ஆட்சேபம் நியாயமற்றதன்று. ஆனால் மின்கட்டணம், பட்டா, குடும்ப அட்டை முதலிய விவகாரங்களில் விதிகளை நிறைவேற்றுகிறவர்களும் அவற்றால் பாதிக்கப்படுகிறவர்களும் தமிழர்களாக இருக்கையில், அவர்கள் படித்துத் திருத்தக்கூடிய பிரதியே மூலமாகவும், மற்றது அதன் வழித்தோன்றலாகவும் இருப்பதுதான் முறை. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே ஃபீச்சர் கோப்புகளை ஒப்படைப்பதற்கான நிபந்தனையோடு, துறையின் கீழ்நிலை அலுவலர்கள் அக்காட்சிகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதற்கு வேண்டிய நாட்களையும் அட்டவணையில் சேர்த்து, அந்த நேரத்திற்கான செலவையும் மதிப்பீட்டிலேயே காட்டிவிட வேண்டும்.