உயிர் காக்கும் பணியில் கணிப்பொறி

ஆலைகளும் நெடுஞ்சாலையும் சூழ்ந்த ஊர் நம் கும்மிடிப்பூண்டி. ஆபத்தென்றால் திருவள்ளூருக்கோ சென்னைக்கோ விரைகிறோம். 2022-இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது நம் மாவட்டம் பெற்ற பேறு. ஆயினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கணிப்பொறி புகுவதென்றால் பெரியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். “உயிரை இயந்திரத்திடம் ஒப்படைப்பதா?” என்கின்றனர். அவ்வச்சம் வேண்டாம் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் சால்ட் லேக் நகரின் எல்.டி.எஸ். மருத்துவமனையில், 1980-களின் இறுதியிலேயே டாக்டர் ஆலன் மாரிஸ் குழுவினர், நுரையீரல் பழுதுற்றோருக்குச் சுவாசக் கருவியை எவ்வாறு அமைப்பது என்று கணிப்பொறிக்குக் கற்பித்தனர். இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் கொண்டு அது யோசனை கூறும். ஏற்பதும் மறுப்பதும் மருத்துவர் உரிமை. நள்ளிரவிலும் அதற்குக் களைப்பில்லை!

முறை தவறினால் என்னவாகும்? 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில் 861 நோயாளிகள் இடம்பெற்றனர். மூச்சொன்றுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்று பெற்றோரில் 39.8 விழுக்காட்டினர் மாண்டனர், 6 மி.லி. பெற்றோரில் 31 விழுக்காட்டினர். அளவு ஒன்றே இத்தனை உயிர்களைக் காத்தது.

தோழியரே, இங்குதான் பெண்களாகிய நாம் உற்றுநோக்க வேண்டும். இக்கிலோ தராசு காட்டும் எடையன்று, உயரத்திலிருந்து கணக்கிடப்படுவது. உடல் பருத்தால் நுரையீரலும் பருக்குமோ? 150 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையுமுள்ள தாய்க்குக் கணக்குப்படி எடை 43 கிலோ. மூச்சளவு சுமார் 260 மி.லி. தராசை நம்பினால் 420! உயரம் குறைந்த பெண்களுக்கே மிகையான காற்று பெரிதும் செலுத்தப்படுவதாக ஆய்வுகள் கண்டுள்ளன. நம் அன்னையர் பலர் அவ்வுயரத்தினரே.

இக்கணக்கைக் கணிப்பொறி இமைப்பொழுதில் போடும். ஆனால், படுத்திருப்பவரின் உயரத்தை நாடா கொண்டு அளப்பது யார்? கண்மதிப்பில் ஏதோ ஓர் எண்ணைத் தட்டினால் விடையும் ஏதோ ஒன்றாகவே வரும். ஆகவே, கணிப்பொறிக்குப் பணம் ஒதுக்குவோர் கூடுதல் செவிலியருக்கும் ஒதுக்கட்டும். பல கட்டில்களுக்கு ஒருவரே ஓடினால், அவர் எப்போது அளப்பார், எப்போது பதிவார்?

பெற்றோரே, உறவினர் எவரேனும் செயற்கைச் சுவாசத்தில் இருக்க நேர்ந்தால், “உயரத்தை அளந்தீர்களா, டாக்டர்?” என்று பணிவுடன் கேளுங்கள். நாடா எடுத்து அளக்க இரண்டு நிமிடம் போதும்.