விட்டதும் பிடித்ததும்

"உலகமா, விசுவாசமா?" என்று கேட்டால் நம் சபைகளில் எல்லோரும் விசுவாசம் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்வது சுலபம். திங்கட்கிழமை சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்று பேசும்போதுதான் மனசு எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு நினைவுக்கு வருபவர்கள் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்து டாக்டர்கள் இருவர். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை. 1921-ல் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடுத்தினார்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியண்ணன், சின்னண்ணன் என்றே ஜனங்கள் அவர்களை அழைத்தார்கள். 1932-ல் சென்னையில் சின்னண்ணன் போலீஸ் தடியடியும் பட்டார். ஆலைச் சொத்தை நம்பி வாழ்ந்திருக்க வேண்டியவர், நோயாளிகளையும் ஏழைப் பிள்ளைகளையும் தம் சொந்தமாக்கிக்கொண்டார். பற்றே இல்லாமல் போகவில்லை, பற்று இடம் மாறியது.

"அவர்கள் பிரம்மச்சாரிகள், நமக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறதே" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் தேவசகாயம் பிள்ளை குடும்பஸ்தர். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகமும் செல்வாக்கும் போயின. 1752-ல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியை அவர் உதறிவிடவில்லை. அந்த அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். ஆக, குடும்பத்தைக் காரணம் காட்டி நாம் தப்பிக்க முடியாது.

ஒரு காலத்தில் சட்டமே நமக்குச் சாக்கு கொடுத்தது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவின்படி, நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் உயில் மூலம் தர்மத்துக்கு எழுதி வைத்தால், அந்த உயிலைச் சாவதற்கு 12 மாதம் முன்பாவது எழுதியிருக்க வேண்டும். எழுதிய 6 மாதத்துக்குள் அதை முறைப்படி ஒப்படைத்திருக்கவும் வேண்டும். உறவுக்காரர்களைக் காப்பாற்ற வந்த விதி! கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. இப்போது நம் கையைப் பிடிப்பது நம் மனசு மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மை நம்பி இருப்பவர்களைத் தவிக்கவிட்டு ஆலயத்துக்குக் கோபுரம் கட்டுவது பக்தி ஆகாது. ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்த வீடு வாங்கிவிட்ட பிள்ளைகளுக்காக, இங்கே ஒரு வீட்டைப் பூட்டி வைத்துக் காவல் காக்கிறோமே, அது பாசமா, பயமா?

எழுபது வயதில் யாரும் நம்மை ஆசிரமத்துக்குக் கூப்பிடப் போவதில்லை. நம்மால் செய்யக்கூடியது இவ்வளவுதான்: உயிலை இப்போதே எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது. அதில் ஒரு பங்கு, உறவில்லாத ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ போகட்டும். அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் உயில் வரைக்கும் காத்திருக்காமல் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள். செத்த பிறகு கொடுப்பதில் நாம் விடுவது என்ன இருக்கிறது?